கைப்பையோடு மட்டும் பறந்தால் உண்மையில் மிச்சமாகுமா?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: பத்து நாள் பயணம். மலிவான டிக்கெட் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. அதில் 7 கிலோ கைப்பைக்கு மட்டுமே அனுமதி. பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டினால், பெட்டியையும் சேர்த்தே விற்கும் இன்னொரு விமானத்தின் விலையைத் தொட்டுவிடுகிறது. ஆகவே 7 கிலோவில் சமாளிப்பது எப்படி, எந்தக் கிழமையில் வாங்கினால் விலை இறங்கும், பிரவுசரில் ரகசிய விண்டோ திறந்து தேடினால் குறைத்துக் காட்டுமா என்று மூன்று சந்தேகங்கள். மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, இந்த மலிவு டிக்கெட் நிஜமாகவே மலிவுதானா என்பது. அதைத் தீர்மானிப்பது உங்கள் பை. பையில் என்ன போகப்போகிறது என்று தெரியாமல் டிக்கெட் விலைகளை ஒப்பிடுவது வீண் வேலை. அதனால் பையிலிருந்தே தொடங்குகிறேன்.

கைப்பைக்கு இரண்டு வரம்புகள் உண்டு: எடை, அளவு. உங்கள் டிக்கெட்டில் இந்த இரண்டில் எது முதலில் முட்டும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பேக்கிங் பற்றிய அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றக் காரணமே, சொல்பவருக்கு முட்டிய வரம்பு வேறு, கேட்பவருக்கு முட்டும் வரம்பு வேறு என்பதுதான். ஆசிய, வளைகுடா நிறுவனங்கள் பலவற்றில் சாதாரண வகுப்புக்கு 7 கிலோ. பெட்டியின் அளவிலோ ஓரளவு தாராளம். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பொதுவாகக் கைப்பையை எடை போடுவதில்லை. 56 × 36 × 23 செ.மீ. என்ற அளவை மட்டும் பார்ப்பார்கள். ஐரோப்பாவின் மலிவுக் கட்டண நிறுவனங்களில் இலவசமாக அனுமதிப்பது முன்சீட்டுக்கு அடியில் நுழையும் சின்னப் பை மட்டுமே: 40 × 30 × 20 அல்லது 45 × 36 × 20 செ.மீ. மேல் தட்டில் வைக்கும் 55 × 40 × 20 பெட்டிக்குத் தனிக் கட்டணம். பெருக்கிப் பாருங்கள். 55 × 40 × 20 என்பது 44 லிட்டர் கொள்ளும். 40 × 30 × 20 வெறும் 24 லிட்டர். 44 லிட்டர் பெட்டியில் 7 கிலோ வரம்பு என்றால், பெட்டி நிரம்புவதற்கு வெகு முன்பே எடை தீர்ந்துவிடும். 24 லிட்டர் பையில் எடையைப் பற்றிக் கவலைப்படும் முன்பே இடம் தீர்ந்துவிடும். இந்த அளவுகளில் சக்கரம், கைப்பிடி, வெளிப்பக்கப் பாக்கெட் எல்லாம் அடக்கம். பெட்டி விற்பவர் "கேபின் சைஸ்" என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பலர் சக்கரத்தைக் கழித்துவிட்டு அளந்திருப்பார்கள். டேப் வைத்துத் தரையிலிருந்து கைப்பிடியின் உச்சி வரை நீங்களே அளந்து பாருங்கள்.

உங்களுக்கு 7 கிலோ வரம்பு. அதாவது உங்கள் எதிரி எடை. இந்த நிலையில் துணியைச் சுருட்டி வைப்பதும், காற்றை உறிஞ்சும் கவர் வாங்குவதும் எந்தப் பயனும் தராது. சுருட்டினாலும் மடித்தாலும் சட்டையின் எடை அதேதான். சொல்லப்போனால் காற்றை உறிஞ்சிய கவர் கெடுதல் செய்யும்: இடம் மிச்சமாகிறதே என்று இன்னும் நாலு துணியைத் திணிக்கச் சொல்லும். எடையில் பெரிய வெட்டு விழுவது பையிலேயே. சக்கரமும் இழுகைப்பிடியும் உள்ள கேபின் பெட்டி காலியாகவே இரண்டரை முதல் மூன்றரை கிலோ இருக்கும். சட்டகம் இல்லாத துணி பேக்பேக் முக்கால் கிலோ முதல் ஒன்றேகால் கிலோவுக்குள் கிடைக்கும். ஏழில் மூன்றைப் பெட்டிக்கே தானம் கொடுத்துவிட்டு, மீதி நாலில் குடும்பம் நடத்துவது கடினம்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு செட் உடையும் கனமான ஷூவும் உடம்பில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக்குள்: மெல்லிய சட்டை அல்லது டீ-ஷர்ட் மூன்று, ஒன்று 180 கிராம் வீதம் 540. மெல்லிய துணியில் ஒரு பேன்ட் 350. உள்ளாடை நான்கு, 240. சாக்ஸ் மூன்று ஜோடி, 150. இரவு உடை 300. மெல்லிய துண்டு 150. மழைக்கும் காற்றுக்கும் ஒரு லேசான ஜாக்கெட் 300. துணி மட்டும் 2 கிலோ 30 கிராம். லேசான செருப்பு 400. சோப்பு, பற்பசை வகையறா 500. லேப்டாப் 1,300, அதன் சார்ஜர் 300. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 220, போன் சார்ஜர், கேபிள், பிளக் அடாப்டர் எல்லாம் சேர்த்து 250. மருந்து, கண்ணாடி, காகிதங்கள் 300. மொத்தம் 5,300 கிராம். 900 கிராம் பேக்பேக்கில் வைத்தால் 6.2 கிலோ, 800 கிராம் கையிருப்பு. அதே பொருளை 2.8 கிலோ சக்கரப் பெட்டியில் வைத்தால் 8.1 கிலோ, ஒரு கிலோவுக்கு மேல் அபராதம். பொருளில் ஒன்றும் மாறவில்லை, பை மட்டும்தான் மாறியிருக்கிறது. இந்த எண்களை அப்படியே நம்பாமல், சமையலறைத் தராசில் உங்கள் பொருள்களை ஒவ்வொன்றாக வையுங்கள். ஜீன்ஸ் ஒன்று 600 கிராமைத் தாண்டும், சாதாரண குளியல் டவல் அரைக் கிலோ பக்கம் வரும், இரண்டாவது ஜோடி ஷூ முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை இழுக்கும். வெட்ட வேண்டியவை தானாகவே தெரிந்துவிடும்.

லேப்டாப்பும் அதன் துணைப் பொருள்களும் சேர்ந்து ஒன்றரை கிலோவைத் தாண்டுவதைக் கவனித்திருப்பீர்கள். 7 கிலோ வரம்பில் அதுதான் மிகப் பெரிய ஒற்றைச் செலவு. வேலைக்குத் தேவையென்றால் கொண்டுபோகத்தான் வேண்டும். "எதற்கும் இருக்கட்டுமே" என்ற எண்ணத்தில் போகிறதென்றால் அதன் இடத்தில் எட்டு சட்டை வைக்கலாம். சார்ஜரில் ஒரு வழி உண்டு: டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால், 65 வாட் அளவில் இரண்டு மூன்று போர்ட் உள்ள ஒரே சார்ஜர் லேப்டாப், போன், பவர் பேங்க் மூன்றையும் பார்த்துக்கொள்ளும். லேப்டாப் எத்தனை வாட் கேட்கிறது என்பதை அதன் பழைய சார்ஜரின் அடிப்பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். குறைவான வாட்டில் சார்ஜ் மெதுவாக ஏறும், சிலவற்றில் ஏறவே ஏறாது.

அளவுதான் முட்டுகிறது என்பவர்களுக்கு (24 லிட்டர் பைக்காரர்களுக்கு) கதை தலைகீழ். அங்கே சுருட்டுவதும் அமுக்குவதும் பலன் தரும். ஓரம் விறைப்பான பெட்டியை விட்டுவிட்டு, விமான நிலையத்தில் பையின் அளவைச் சோதிக்க வைத்திருக்கும் சட்டத்துக்குள் அமுக்கினால் அமுங்கும் துணிப்பையை எடுக்க வேண்டும். பையின் முன்பாக்கெட்டைக் காலியாக விடுங்கள். சட்டத்தில் நுழையாமல் சிக்குவது பெரும்பாலும் அந்தப் பாக்கெட்டின் புடைப்புதான். தடித்த ஜாக்கெட்டை உடம்பில் போட்டுக்கொண்டு ஏறி, உட்கார்ந்ததும் கழற்றிவிடலாம். அதன் பாக்கெட்டுகளில் சார்ஜர், புத்தகம் என்று கொஞ்சம் இறக்கிவைப்பதை ஊழியர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதற்காகப் பத்துப் பாக்கெட்டும் புடைக்க நடந்து வந்தால் கண்டுகொள்வார்கள்.

பத்து நாளுக்கு நாலு சட்டையா என்ற கேள்வி வரும். துவைத்துக்கொள்வதாக இருந்தால் பத்து நாளும் முப்பது நாளும் ஒரே பைதான். நாளை எண்ணித் துணி வைப்பதால்தான் பை பெருக்கிறது. ஆனால் இங்கே பலர் சறுக்குகிறார்கள், காரணம் துணி வகை. பாலியெஸ்டர், நைலான், மெரினோ கம்பளி போன்றவை அறைக்குள்ளேயே ஓரிரவில் காயும். தடித்த பருத்தி, குறிப்பாக ஜீன்ஸும் ஹூடியும், ஈரப்பதம் உள்ள இடத்தில் இரண்டு நாளானாலும் மடிப்புகளில் ஈரம் விடாது, நாற்றமும் பிடிக்கும். துவைத்ததும் முறுக்கிப் பிழிவதோடு நிறுத்தாமல், விடுதி தரும் உலர்ந்த டவலை விரித்து, ஈரச் சட்டையை அதன்மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். டவல் குடிக்கிற தண்ணீர் அளவுக்குக் காயும் நேரம் மிச்சம். பிறகு காற்றோட்டம் உள்ள இடத்தில் ஹேங்கரில் மாட்டுங்கள். ஃபேன் இருந்தால் அதன் கீழே. புதிய துணியைப் பயணத்துக்கு முன் வீட்டில் ஒருமுறை இரவில் துவைத்து, காலையில் தொட்டுப் பாருங்கள். காயாத துணி பயணத்துக்கு ஆகாது, எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும்.

எடை போடும் முறையிலும் கோளாறு வரும். கொக்கியில் மாட்டும் டிஜிட்டல் தராசு விலை குறைவு, வாங்கி வைக்கத் தகுந்தது. ஆனால் அது சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, எனவே ஐந்து லிட்டர் தண்ணீர் உள்ள கேனை மாட்டினால் கேனின் எடையோடு சேர்த்து ஐந்துக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். உடல் எடை பார்க்கும் தராசில் பையோடு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்தும் பார்க்கலாம். அதில் கால் கிலோ, அரைக் கிலோ முன்பின் வரும். எந்தத் தராசானாலும் வரம்புக்கு 300 கிராமாவது கீழே நிறுத்துங்கள். தோளில் மாட்டும் சிறு பை 7 கிலோ கணக்கில் சேருமா என்பதை உங்கள் டிக்கெட் விதியில் பாருங்கள். சில நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே 7 என்கின்றன, சில தோள்பையைத் தனியாக விடுகின்றன. டியூட்டி ஃப்ரீ கடைப் பையும் அப்படித்தான்.

திரவ விஷயத்தில் விதி தெளிவானது, தவறுகளும் வழக்கமானவை. 2006இல் விமானங்களில் திரவ வெடிமருந்து கொண்டுசெல்லும் சதி ஒன்று பிடிபட்டதை அடுத்து வந்த விதி இது: ஒவ்வொரு புட்டியும் அதிகபட்சம் 100 மில்லி, எல்லாம் சேர்ந்து மூடக்கூடிய ஒரு லிட்டர் தெளிவான கவருக்குள். பார்ப்பது புட்டியின் கொள்ளளவை, உள்ளே இருக்கும் அளவை அல்ல. 200 மில்லி ட்யூபில் கடைசிச் சொட்டு பற்பசை இருந்தாலும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். பற்பசை, ஜெல், கிரீம், ஸ்ப்ரே எல்லாமே திரவக் கணக்கு. சோப்புக் கட்டி, ஷாம்பு கட்டி, குச்சி வடிவ டியோடரன்ட் ஆகியவை திரவம் இல்லை. எடையும் குறைவு, கசியவும் கசியாது. பயணத்தின்போது தேவைப்படும் மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு, கேட்டால் காட்டும்படி தனியாக வையுங்கள். பைக்குள் இருப்பதை முப்பரிமாணமாகக் காட்டும் புதிய சி.டி. ஸ்கேனர் வைத்திருக்கும் சில விமான நிலையங்கள் இந்த விதியைத் தளர்த்தியிருக்கின்றன. அதை நம்பிப் பெரிய புட்டி எடுத்துப் போகாதீர்கள். கிளம்பும் இடத்தில் விடுவார்கள், டிரான்ஸிட்டில் மறுபடி சோதனை இருந்தால் பிடுங்குவார்கள், திரும்பும் இடத்திலும் பழைய விதியே இருக்கலாம். பயணப் பாதையில் எது மிகக் கண்டிப்பான நிலையமோ, அதன் விதிதான் உங்கள் விதி. கைப்பை மட்டும் கொண்டுபோகிறவர்கள் மறக்கும் இன்னொன்று: சவர பிளேடு, பெரிய கத்தரிக்கோல், பேனாக்கத்தி இவற்றைச் செக்-இன் பெட்டியில் போடும் வசதி உங்களுக்கு இல்லை. கேட்ரிட்ஜ் ரேசர் போகும், இருபக்க பிளேடு போகாது.

பவர் பேங்க் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பறிபோகும் பொருள்களில் விலை கூடியது இதுதான். தனி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில் மட்டுமே. 100 வாட்-ஹவர் (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. பேட்டரியில் எம்.ஏ.எச். மட்டும் போட்டிருந்தால், அதை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-ஹவர், தாராளமாகப் போகும். 27,000 என்றால் 99.9, எல்லையின் விளிம்பு. அதனால்தான் அந்த எண்ணில் இத்தனை மாடல்கள் விற்கின்றன. 30,000 என்றால் 111, ஒப்புதல் வேண்டும். எழுத்து தேய்ந்து எதுவும் தெரியாத பவர் பேங்க்கை எடுத்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 2025இல் விதிகள் மேலும் இறுகின. அந்த ஆண்டு ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையிலேயே தீப்பிடித்த பிறகு, அந்த நாடு பவர் பேங்க்கை மேல் தட்டில் வைக்கக் கூடாது, கையோடு வைத்திருக்க வேண்டும் என்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதலும், பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்தன. சீனா ஜூன் 28 முதல், உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (அந்நாட்டின் பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர் பேங்க்கை அனுமதிப்பதில்லை. இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும் போக்குதான் தெரிகிறது. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கம்: பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட், சாவி, ஒரு உள்ளாடை இவை எல்லாம் பைக்குள் ஒரு சின்னப் பையாக, ஒரே இழுப்பில் வெளியே வரும்படி இருக்கட்டும். விமானம் நிறைந்திருந்தால் மேல் தட்டில் இடம் தீர்ந்துவிடும். கடைசியில் ஏறுபவர்களின் கைப்பைகளை, விமானத்தில் ஏறும் வாசலான கேட்டிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புவார்கள். இது வழக்கமாக இலவசம்தான், பை விதிக்குள் இருக்கும் வரை. ஆனால் அந்தப் பையில் பவர் பேங்க் போகக் கூடாது, பின்னால் வரிசை நெருக்கும்போது தரையில் உட்கார்ந்து தேடவும் முடியாது.

இனி காசு. லக்கேஜ் கட்டணம் படிப்படியாக ஏறும்: டிக்கெட் வாங்கும்போதே சேர்த்தால் குறைவு, பிறகு இணையத்தில் சேர்த்தால் கூடுதல், விமான நிலையக் கவுன்ட்டரில் இன்னும் கூடுதல், கேட்டில் உச்சம். மலிவுக் கட்டண நிறுவனங்களில் கேட்டில் கட்டும் தொகை டிக்கெட் விலையையே தாண்டுவது உண்டு. எனவே சந்தேகம் இருந்தால் முன்பே வாங்கிவிடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்குத்தான் அங்கே விலை. கவுன்ட்டரில் எடை போடுவார்களா என்று கேட்டால், யாரும் உறுதி சொல்ல முடியாது. அது ஊழியரையும் கூட்டத்தையும் பொறுத்தது. போகும்போது விட்டார்கள் என்பதால் திரும்பும்போதும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது திரும்பும் வழியில்தான், வாங்கிய பொருள்கள் சேர்ந்திருக்கும். மேலே சொன்ன 800 கிராம் கையிருப்பு அதற்காகத்தான். அல்லது போகும்போது கைப்பை மட்டும், திரும்பும் வழிக்கு மட்டும் ஒரு 20 கிலோ என்று முன்கூட்டியே வாங்கலாம். இரண்டு திசைக்கும் தனித்தனியாக லக்கேஜ் சேர்க்கப் பல நிறுவனங்கள் விடுகின்றன.

ரகசிய விண்டோவால் விலை குறையும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. இரண்டாவது முறை தேடும்போது விலை ஏறியதாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. ஒரே வகுப்புக்குள்ளேயே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைத் தட்டுகளாகப் பிரித்து விற்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்து. மலிவான தட்டில் மிஞ்சிய இருக்கையை வேறு யாரோ வாங்கினால், உங்களுக்கு அடுத்த தட்டின் விலை வரும். தேடல் தளங்கள் பழைய விலையைச் சேமித்து வைத்துக் காட்டிவிட்டு, பணம் கட்டப் போகும்போது நடப்பு விலைக்கு மாறுவதும் உண்டு. இந்தத் தட்டு முறையைப் புரிந்துகொண்டால் உருப்படியான ஒரு வழி கிடைக்கிறது. மூன்று பேருக்குச் சேர்த்துத் தேடுகிறீர்கள், மலிவான தட்டில் இரண்டே இருக்கை மிச்சம் என்றால், பெரும்பாலான முன்பதிவு முறைகள் மூவருக்கும் அடுத்த தட்டின் விலையையே காட்டும். ஒருவருக்கு, இருவருக்கு, மூவருக்கு என்று மாற்றித் தேடிப் பாருங்கள். தலைக்கு விலை மாறினால், இருவருக்கு ஒரு முன்பதிவு, ஒருவருக்கு ஒன்று என்று பிரித்து வாங்கலாம். விமானம் ரத்தானால் இரண்டு முன்பதிவுகளையும் தனித்தனியே மாற்றித் தருவார்கள் என்பது இதன் ஆபத்து. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு என்பதும் அப்படித்தான். வாங்கும் கிழமையைவிட, பறக்கும் கிழமையும் நேரமும்தான் விலையை அசைக்கும். வார நடுவில், விடியற்காலையில், பின்னிரவில் பறந்தால் குறையும். விடுமுறை தொடங்கும் நாளில் எந்த மந்திரமும் பலிக்காது. பல கட்டணங்களுக்கு "புறப்பாட்டுக்கு 21 நாள், 14 நாள், 7 நாள் முன்பு வாங்க வேண்டும்" என்ற நிபந்தனை இருக்கும். அந்த எல்லை கடந்த மறுநாள் விலை ஒரே தாவாகத் தாவுவது இதனால்தான். கடைசி நேரத்தில் இறங்கும் என்று காத்திருப்பது பெரும்பாலும் தோற்கும் சூது, ஏனெனில் கடைசி நேரத்தில் வாங்குபவர் கட்டாயத்தில் வாங்குகிறார் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும்.

இரண்டு மலிவு டிக்கெட்டுகளைத் தனித்தனியே வாங்கி ஒட்டவைப்பது இன்னொரு வழி. கைப்பை மட்டும் உள்ளவருக்கு இது ஓரளவு ஒத்துவரும், ஏனெனில் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்யும் வேலை இல்லை. ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. புதிய டிக்கெட் உங்கள் செலவு. இடைநாட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டியிருந்தால் விசாவும் தேவைப்படலாம். நடுவில் நாலைந்து மணி நேர இடைவெளியாவது இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அந்த வழியில் இரண்டாவது விமானம்தான் நாளின் கடைசி என்றால் செய்யவே செய்யாதீர்கள். போய்வரும் டிக்கெட்டில் போகும் பகுதியை விட்டுவிட்டு, திரும்பும் பகுதியை மட்டும் பயன்படுத்தலாம் என்று நினைப்பதும் தவறு. ஒரு பகுதிக்கு வராவிட்டால் மீதி அனைத்தையும் ரத்து செய்யும் விதி பல நிறுவனங்களில் உண்டு.

விலையை ஒப்பிடும்போது விமான நிலையத்தின் பெயரையும் பாருங்கள். பிராங்பர்ட்-ஹான் பிராங்பர்ட் நகரத்திலிருந்து ஏறக்குறைய 120 கி.மீ., பாரிஸ்-பூவே பாரிஸிலிருந்து ஏறக்குறைய 85 கி.மீ. பஸ் கட்டணமும் இரண்டு மணி நேரமும் டிக்கெட் விலையோடு சேர்த்துக் கூட்ட வேண்டியவை. இருக்கை தேர்வு, கவுன்ட்டரில் செக்-இன் செய்யும் கட்டணம், கார்டு கட்டணம் எல்லாம் அதே கணக்கில்தான். இணையத்தில் செக்-இன் செய்து போர்டிங் பாஸைப் போனில் சேமித்துவிட்டால் ஒன்று கழியும். அருகருகே இருக்கை அவசியமில்லை என்றால் இன்னொன்று கழியும். பணம் கட்டும் பக்கத்தில் "உங்கள் நாட்டு நாணயத்திலேயே செலுத்தலாம்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும், உங்கள் கார்டு வங்கியின் விகிதம் வழக்கமாக அதைவிட நல்லது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அடியுங்கள். திருத்தக் கட்டணம் சில நேரம் புது டிக்கெட் விலையை எட்டும். அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ பறப்பதாக இருந்து, புறப்பாட்டுக்கு 7 நாளாவது முன்பு நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையை 24 மணி நேரம் பிடித்து வைக்கவோ நிறுவனம் இடம் தர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மற்ற இடங்களில் இப்படி எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டியோடு போவதே சரி என்று முடிவாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. கடுங்குளிர் உடை, கைக்குழந்தை, மூன்று கால் ஸ்டாண்டோடு கேமரா என்றால் 7 கிலோவோடு மல்லுக்கட்டாதீர்கள். இருவராகப் போகிறீர்கள் என்றால், இருவருக்கும் கைப்பை டிக்கெட் எடுத்து, ஒரே ஒரு 20 கிலோ பெட்டியை மட்டும் பகிர்ந்துகொள்வது பல நேரம் மிக மலிவான ஏற்பாடாக அமையும். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது தூக்கும் தொழிலாளர் பாதுகாப்புக்காகப் பரவலாக உள்ள வரம்பு. கூடுதல் பணம் கட்டினாலும் ஏற்றமாட்டார்கள். உங்கள் விஷயத்தில், இரண்டு டிக்கெட்டுகளையும் ஒரு தாளில் எழுதி, இருவழி லக்கேஜ், நகரத்துக்குப் போகும் செலவு, இருக்கை எல்லாவற்றையும் கூட்டுங்கள். முதலில் மேலே சொன்னபடி பொருள்களை எடை போட்டு, 6.7 கிலோவுக்குள் வந்தால் மலிவு டிக்கெட்; அதற்குக் கீழே எப்படியும் இறங்கவில்லை என்றால், பெட்டியையும் சேர்த்து விற்கும் மற்ற விமானம்.

பெட்டி சரக்கறைக்குப் போகும் நிலை வந்தால், நீங்களே அனுப்பினாலும் கேட்டில் வாங்கினாலும், பழைய பயணங்களின் பார்கோடு ஒட்டுகளைக் கிழித்துவிடுங்கள், புதிய டேகில் இறங்கும் ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு சரியா என்று பார்த்து, துண்டுச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வரவில்லை என்றால் வெளியே போகும் முன்பே லக்கேஜ் கவுன்ட்டரில் புகார் எழுதி எண் வாங்குங்கள். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் சர்வதேசப் பயணங்களில், சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; அது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு, அன்றைய விகிதத்தில் உங்கள் நாணயத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அது உச்சவரம்பு மட்டுமே. உண்மையான இழப்பைக் காட்ட ரசீது கேட்பார்கள், எனவே தாமதமான பெட்டிக்காக வாங்கிய சட்டைக்கும் பற்பசைக்கும் கூட பில் வாங்கி வையுங்கள்.